மெலிந்த கம்பியும் வெந்த மோட்டாரும்

மாசியில் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை. ஒரே கோடையில் போர் மோட்டார் இரண்டு முறை எரிந்தது. முக்காலி நட்டு, செயின் பிளாக் போட்டு, இருபது அடிக் குழாய் பத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுக்க ஒரு நாள். காயில் கட்டிக்கொண்டு வர மூன்று நாள். மறுபடி இறக்க ஒரு நாள். முதல் தடவை பூங்கார் நெல் பொதி கட்டும் பருவம், எப்படியோ தாங்கிக்கொண்டது. இரண்டாவது தடவை பால் பிடிக்கிற நேரம். அரை ஏக்கர் பதராகப் போச்சு. மீதியில் வந்ததை விதைக்கும் வீட்டுக்கும் வைத்துக்கொண்டு, கேட்டு வைத்திருந்த நாலு பேருக்கு இல்லை என்று சொன்னேன்.

காயில் கட்டுகிறவர் மோட்டாரைப் பிரித்துக் காட்டினார். மூன்று சுற்றும் ஒரே மாதிரி கருகியிருந்தன. "ஒரு ஃபேஸ் போயிருந்தா ஒரு பக்கம் தப்பிச்சிருக்கும். இது மூணும் சேர்ந்து வெந்திருக்கு. லோ வோல்ட்டேஜ்தான்" என்றார். லோ வோல்ட்டேஜ் என்றால் நமக்கு உடனே யார் நினைவுக்கு வரும்? கரன்ட் ஆபீசில் போய் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து லைன்மேன் தம்பி டாங் டெஸ்டரோடு வந்தார்.

மோட்டாரை ஓடவிட்டு, ஸ்டார்ட்டர் பெட்டியில் அளந்தார். 390 வோல்ட். "இது நல்ல வோல்ட்டேஜ் அண்ணே" என்றார். எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. அவர் அதோடு போயிருக்கலாம். போகவில்லை. "போர் எங்க இருக்கு?" என்று கேட்டார். கையை நீட்டி மேட்டுக்கொல்லையைக் காட்டினேன். அங்கே நடந்து போய், போர் வாயில் கேபிள் இணைகிற பெட்டியைத் திறந்து அளந்தார். 360.

"முப்பது வோல்ட் எங்க போச்சுண்ணே?"

நானும் அதையேதான் யோசித்துக்கொண்டு நின்றேன். ரோட்டோரம் இருக்கிற பழைய கிணறு வற்றிப்போனதால், முறைப்படி எழுதிக் கொடுத்து, அதே இணைப்பைப் புதுப் போருக்கு மாற்றியிருந்தேன். மீட்டரும் ஸ்டார்ட்டரும் கிணற்றடியிலேயே இருந்தன. அங்கிருந்து போருக்கு 300 மீட்டர், நம்ம கணக்கில் ஆயிரம் அடி. சவுக்குக் கழி நட்டு அதன் மேல் கேபிள் இழுத்திருந்தேன். காணாமல் போன முப்பது வோல்ட்டும் என் நிலத்தில், நான் காசு கொடுத்து வாங்கிய கேபிளில்தான் போயிருந்தது.

நம்ம பத்திரிகையில் மண், விதை, பூச்சி என்று எழுதுகிறோம். கம்பியைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஆனால் புதிதாக நிலம் வாங்கி இயற்கை விவசாயத்துக்கு வருகிற தம்பி தங்கைகள் பலர், முதல் வேலையாகப் போர் போடுகிறார்கள். நான் செய்த தப்பை அவர்களும் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தப்பு எங்கே நடந்தது என்றால், கேபிள் கடையில். 5 ஹெச்பி மோட்டாருக்குக் கேபிள் வேண்டும் என்று கேட்டேன். "ரெண்டரை எம்எம் மூணு கோர் போதும். இருபது ஆம்பியர் தாங்கும், உங்க மோட்டார் எட்டு, எட்டரைதான் இழுக்கும்" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கேபிள் தாங்கத்தான் செய்தது. இரண்டு மோட்டார் எரிந்தும் கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடுகிறபோது தொட்டுக்கூடப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. ஆனால் நான் கேட்டது பாதிக் கேள்வி. கம்பி எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பது ஒரு கேள்வி. எத்தனை தூரம் போகிறது, அந்தத் தூரத்தில் எவ்வளவு வோல்ட்டைத் தின்னும் என்பது வேறு கேள்வி. தூரத்தை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கம்பி தாங்கிக்கொண்டது, மோட்டாரால் தாங்க முடியவில்லை.

சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது எளிதாகப் புரியும். 16 எம்எம் லேட்டரல் குழாயை அளவுக்கு மீறி நீளமாக இழுத்தால் என்ன ஆகும்? முதல் செடிக்கு நன்றாகச் சொட்டும், கடைசிச் செடிக்கு வராது. குழாய் வெடிக்காது, ஒழுகாது. பார்ப்பதற்கு எந்தக் குறையும் தெரியாது. போகிற வழியெல்லாம் குழாயின் உள்சுவரோடு உரசி உரசி அழுத்தம் தேய்ந்துவிடுகிறது. கரன்ட்டும் அப்படித்தான். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் நகரும்போது அணுக்களின் அதிர்வில் முட்டி மோதித்தான் போகின்றன. அந்த முட்டலுக்குப் பெயர் மின்தடை, அதை ஓம் என்ற அளவில் சொல்கிறார்கள். கம்பி நீண்டால் முட்டல் அதிகம். கம்பி பருத்தால் அகலமான பாதை, முட்டல் குறைவு. நீளம் இரண்டு மடங்கானால் மின்தடை இரண்டு மடங்கு. பருமன் இரண்டு மடங்கானால் மின்தடை பாதி.

பருமன் என்று சொல்லும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் "ரெண்டரை எம்எம்" என்று சொல்வது கம்பியின் விட்டம் இல்லை. கம்பியைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற முகத்தின் பரப்பு, 2.5 சதுர மில்லிமீட்டர். ஒரே கம்பியாக இருந்தால் அதன் விட்டம் 1.78 மி.மீ. விட்டத்தை இரண்டு மடங்காக்கி 3.57 மி.மீ. ஆக்கினால், பரப்பு நாலு மடங்காகி 10 சதுர மில்லிமீட்டர் ஆகிவிடும், மின்தடை நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். கண்ணுக்குக் கொஞ்சம்தான் தடிப்பாகத் தெரியும், வேலையில் பெரிய வித்தியாசம். பழைய வயர்மேன்கள் 3/20, 7/20 என்று கேஜ் கணக்கில் சொல்வார்கள். முன்னால் இருப்பது இழைகளின் எண்ணிக்கை, பின்னால் இருப்பது இழையின் கேஜ். கேஜ் நம்பர் கூடினால் இழை மெலியும் என்பதால் நிறைய பேர் ஏமாந்துபோகிறோம். 7/20 என்பது இப்போதைய கணக்கில் சுமார் 4.6 சதுர மி.மீ., 3/20 என்பது சுமார் 2.

இனி கணக்கு. பயப்பட வேண்டாம், ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல்தான். 100 மீட்டர் கம்பியின் மின்தடை வேண்டுமானால், செம்புக் கம்பிக்கு 2-ஐ சதுர மில்லிமீட்டரால் வகுக்க வேண்டும். அலுமினியத்துக்கு 3-ஐ வகுக்க வேண்டும். செம்புக்கு ரெண்டு, அலுமினியத்துக்கு மூணு. இவ்வளவுதான் மனப்பாடம். அச்சுக் கணக்கு இல்லை, ஆனால் காட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும்.

என் கேபிளுக்குப் போட்டுப் பார்ப்போம். 2-ஐ 2.5-ஆல் வகுத்தால் 0.8. 100 மீட்டருக்கு 0.8 ஓம், 300 மீட்டருக்கு 2.4 ஓம். மோட்டார் இழுப்பது 8.5 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் ஒரு கம்பியில் மட்டும் 20 வோல்ட் போகிறது. மூன்று ஃபேஸில் நாம் அளப்பது இரண்டு கம்பிகளுக்கு நடுவில் என்பதால் 1.73-ஆல் பெருக்க வேண்டும், 35 வருகிறது. மோட்டாரின் பவர் ஃபேக்டர் 0.85 அளவில் இருப்பதால் அதையும் பெருக்கினால் 30. லைன்மேன் தம்பி காட்டிய அதே முப்பது! பேப்பரில் இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்கு எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. கேபிள் வாங்கப் போவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கு, ஐந்து நிமிஷ வேலை.

முப்பது வோல்ட்தானே, 390-ல் அது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். காலையில் பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் மூன்று ஃபேஸ் வருகிற நேரத்தில் அந்த டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடும். உச்சி வேளையில் என் ஸ்டார்ட்டரிலேயே 355 தான் காட்டும். இங்கேதான் மோட்டாரின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பல்புக்கு வோல்ட் குறைந்தால் மங்கலாக எரியும், அவ்வளவுதான். மோட்டார் அப்படிச் சும்மா இருக்காது. மேலே தூக்க வேண்டிய தண்ணீரின் கனம் குறையவில்லையே! வோல்ட் குறைந்தால் அதை ஈடுகட்ட ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். 8.5 இழுத்தது 10 இழுக்கும். 10 இழுத்தால் கேபிளில் போகிற வோல்ட்டும் 30-லிருந்து 35 ஆகும். போருக்குள் தொங்குகிற 60 மீட்டர் கேபிளில் இன்னும் 7 போகும். கடைசியில் மோட்டாருக்குக் கிடைப்பது 313. என் மோட்டாரோடு வந்த சீட்டில் 415-ல் 15 சதவீதம் வரைதான் குறையலாம் என்று போட்டிருந்தது, அதாவது 353. அந்தச் சீட்டையும் இரண்டாவது தடவை எரிந்த பிறகுதான் படித்தேன்.

சூடு எப்படி ஏறுகிறது என்பது அடுத்த விஷயம். ஆம்பியர் கூடுகிற அளவுக்குச் சூடு கூடுவதில்லை, அதன் வர்க்கத்தில் கூடுகிறது. 8.5-ஐ 8.5-ஆல் பெருக்கினால் 72, பத்தைப் பத்தால் பெருக்கினால் 100. ஆம்பியர் ஆறில் ஒரு பங்குதான் கூடியது, காயிலில் சூடு கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் கூடிவிட்டது. சூடானால் செம்பின் மின்தடையும் கூடும், ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.4 வீதம். அது மேலும் சூட்டைக் கிளப்பும். கிளம்பும்போது இன்னும் மோசம். ஸ்டார்ட் ஆகிற அந்தச் சில விநாடியில் மோட்டார் ஐந்தாறு மடங்கு ஆம்பியர் கேட்கும். மெல்லிய கம்பி அதைக் கொடுக்க விடாது. சுழற்றும் விசை வோல்ட்டின் வர்க்கத்தில் குறைவதால், என் கணக்குப்படி கிளம்பும் விசை கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நிற்கும், பிறகு டிரிப் ஆகும்.

அந்த டிரிப்பைத்தான் நாங்கள் நோயென்று நினைத்தோம். உள்ளூர் வயர்மேனைக் கூப்பிட்டு, "சும்மா சும்மா டிரிப் ஆவுது, பாருப்பா" என்றேன். அவர் ஓவர்லோட் ரிலேயின் திருகைத் திருப்பி 11 ஆம்பியரில் வைத்துவிட்டுப் போனார். டிரிப் நின்றது. மூன்றாம் நாள் மோட்டார் எரிந்தது. காவலுக்குக் குரைத்த நாயை நாமே கட்டிப்போட்ட கதை. அவரைக் குற்றம் சொல்லவில்லை, கேட்டது நான்தான். உங்கள் ரிலே அடிக்கடி டிரிப் ஆனால் தயவுசெய்து திருகைத் தொடாதீர்கள். மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியர் அளவிலேயே அது இருக்கட்டும். ஏன் கூடுதலாக இழுக்கிறது என்று தேடுங்கள்.

சரி, "கரன்ட் நமக்கு இலவசம்தானே, கம்பியில் கொஞ்சம் போனால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நானே கேட்டவன்தான். என் கேபிளில் வீணாய்ப் போனதைக் கணக்குப் போட்டால், 72-ஐ 2.4-ஆல் பெருக்கி, மூன்று கம்பிக்கும் சேர்த்து 518 வாட். அரை யூனிட்டுக்கு மேல், ஒவ்வொரு மணி நேரமும், 300 மீட்டர் காற்றைச் சூடாக்க. மீட்டருக்கு இரண்டு வாட்டுக்கும் குறைவு என்பதால்தான் கை வைத்தால் சூடு தெரியவில்லை. நாராயணசாமி நாயுடு காலத்தில் மின்கட்டணத்துக்காக நம் விவசாயிகள் தெருவில் இறங்கி, துப்பாக்கிச் சூட்டில் உயிரையும் கொடுத்திருக்கிறார்கள். அப்படி வந்த கரன்ட்டைக் கம்பியில் கரைப்பது எனக்கு உறுத்துகிறது. தவிர, ஊரில் ஒவ்வொருவர் கொல்லையிலும் அரை யூனிட் கரைந்தால் அதுவும் அதே டிரிான்ஸ்ஃபார்மர் மேல் ஏறுகிற சுமைதான். கடைசி வீட்டு மோட்டாருக்கு வோல்ட் குறைவதில் நம்ம பங்கும் இருக்கிறது.

புதுக் கேபிள் எது போடுவது என்று யோசித்தபோது முதலில் 10 சதுர மி.மீ. செம்பு விலை கேட்டேன். கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன். பிறகு அலுமினியம். ஒரே பருமனில் அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், அதனால் அடுத்த பெரிய அளவுக்குப் போக வேண்டும். 16 சதுர மி.மீ. அலுமினியமும் 10 சதுர மி.மீ. செம்பும் கிட்டத்தட்ட ஒரே மின்தடை. கனத்தில் அலுமினியம் பாதிதான், விலையோ பல மடங்கு குறைவு. 3-ஐ 16-ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கினால் 300 மீட்டருக்கு 0.56 ஓம். 2.4 ஓம் இருந்த இடத்தில் இது! வீணாவது 518 வாட்டிலிருந்து 120 வாட் அளவுக்கு இறங்குகிறது. மண்ணுக்குள் புதைக்கிற, மேலே இரும்புப் பட்டை சுற்றிய கேபிளாக வாங்கி, இரண்டரை அடி ஆழத்தில் பள்ளம் எடுத்து, மணல் போட்டு, மேலே செங்கல் அடுக்கி மூடினேன். எந்த இடத்தில் போகிறது என்று வரப்பில் கல் நட்டிருக்கிறேன். நாளைக்கு யாராவது மண்வெட்டியோடு வந்து வெட்டிவிடக்கூடாது பாருங்கள். போருக்குள் தொங்குவது பழைய 2.5 செம்புதான், 60 மீட்டர்தானே என்று விட்டுவிட்டேன். வழியில் மொத்தம் 15 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது நானாக வைத்துக்கொண்ட அளவு. இது 13-ல் நிற்கிறது.

லைன்மேன் தம்பியையே கூப்பிட்டு அளக்கச் சொன்னேன். ஸ்டார்ட்டரில் 390, போர் வாயில் 383. தொட்டியில் விழுகிற தண்ணீரின் வேகமே மாறியிருந்தது. அதை முதலில் சொன்னது என் மனைவிதான். "ஏங்க, தொட்டி சீக்கிரம் நெறையுது" என்றார்.

உச்சி வேளையில் வோல்ட் இறங்குவது இன்னும் இருக்கிறது. 355 வந்தால் மோட்டாருக்கு 340-தான் கிடைக்கும், அதுவும் குறைவுதான். தடித்த கம்பி அதைச் சரிசெய்யாது. அதற்காக வோல்ட் குறைந்தால் தானே நிறுத்துகிற ரிலே ஒன்று மாட்டினேன், உச்சியில் பாய்ச்சுவதையும் விட்டுவிட்டேன். வெயிலில் பாயும் தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகத்தானே போகிறது.

கெப்பாசிட்டர் பற்றியும் இரண்டு வார்த்தை. நிறைய பேர் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே மாட்டிவிடுகிறார்கள். அது ஸ்டார்ட்டருக்கு முன்னால் உள்ள லைனுக்குத்தான் உதவும், ஸ்டார்ட்டரிலிருந்து போர் வரை உள்ள நம்ம கம்பிக்கு உதவாது. போர் வாயில் பெட்டி வைத்து அங்கே மாட்டினால், அந்த 300 மீட்டரிலும் ஓடுகிற ஆம்பியர் குறையும். என் மோட்டாருக்கு 2 கேவிஏஆர் மாட்டிய பிறகு 8.5 என்பது ஏழரைக்குக் கீழே வந்தது. மெயினை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டருக்குள் கரன்ட் தங்கியிருக்கும், கை வைக்கக்கூடாது.

கை வைப்பது பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு நாம் போடலாம். திறந்த பெட்டியில் ஓடுகிற கரன்ட்டை அளப்பது லைசென்ஸ் உள்ள வயர்மேனின் வேலை. 415 வோல்ட் இரண்டாவது வாய்ப்புத் தராது. ஈரக்காலோடு வரப்பிலிருந்து நேராகப் போய் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது.

கம்பி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் ஜாயிண்ட் மோசமாக இருந்தால் எல்லாம் வீண். வரப்பில் அறுந்த கேபிளைக் கையாலேயே முறுக்கி, டேப் சுற்றி விடுகிறோம். முறுக்கிய இடத்தில் கம்பிகள் ஒன்றையொன்று தொடுவது நாலைந்து புள்ளியில்தான். அந்த இடம் மட்டும் ஊசிபோல் மெல்லிய கம்பிக்குச் சமம். மொத்தச் சூடும் ஒரே இடத்தில் இறங்கும், டேப் இளகும், மழை இறங்கும், பச்சை பூக்கும். செம்பையும் அலுமினியத்தையும் நேராக முறுக்குவது இன்னும் கெடுதல், ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். இரண்டு உலோகத்துக்கும் பொருந்துகிற லக் கிடைக்கிறது. அதைப் போட்டு, கருவியால் அழுத்தி, போல்ட் மாட்டி இறுக்க வேண்டும். கேபிள் முழுக்கச் சில்லென்று இருந்து, மோட்டாரை நிறுத்தி மெயினையும் இறக்கிய உடனே ஒரு ஜாயிண்டின் டேப் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான் திருடன்.

கேபிளிலேயே திருட்டும் நடக்கிறது. மேலே 2.5 என்று அச்சடித்திருப்பான், உள்ளே செம்பு குறைவாக இருக்கும். பிளாஸ்டிக் உறையைத் தடிப்பாக்கிவிட்டால் பார்வைக்குத் தெரியாது. அதற்கு ஒரு சோதனை. ஒரு மீட்டர் துண்டு வெட்டி, ஒரு கோரை மட்டும் உரித்து, செம்பை நகைக்கடைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். 2.5 சதுர மி.மீ. என்றால் 22 கிராம் அளவுக்கு இருக்க வேண்டும், 4 என்றால் சுமார் 36, 6 என்றால் சுமார் 54. ஒன்றிரண்டு கிராம் குறைந்தால் பரவாயில்லை. 16, 17 கிராம் காட்டினால் கடையை மாற்றுங்கள்.

இதே கணக்கைத்தான் ஊருக்குக் கரன்ட் கொண்டுவருகிறவர்களும் போடுகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வரை 11,000 வோல்ட்டில் ஏன் கொண்டுவருகிறார்கள்? அதே சக்தியை 11,000 வோல்ட்டில் அனுப்பினால் 415-ல் போவதைவிட ஆம்பியர் 26 மடங்கு குறைவு. இழப்பு ஆம்பியரின் வர்க்கத்தில் போவதால், அதே கம்பியில் சுமார் 700 மடங்கு குறைவு. அதனால்தான் மெல்லிய கம்பியிலேயே பல மைல் கொண்டுவர முடிகிறது.

வோல்ட் குறையக் குறையக் கம்பியின் தொல்லை கூடும் என்பதை நான் விளக்குப் பொறியில் கண்ணாலேயே பார்த்தேன். 12 வோல்ட் பேட்டரி, 24 வாட் பல்பு. பேட்டரியை வயலில் வைத்தால் மழையும் திருட்டும் என்று மோட்டார் அறைக்குள் வைத்து, 60 மீட்டருக்கு 0.75 சதுர மி.மீ. வயர் இழுத்து நெல் வயல் நடுவில் பல்பைத் தொங்கவிட்டிருந்தேன். பல்பு மின்மினிப்பூச்சி மாதிரி எரிந்தது. பேட்டரி சரியில்லை என்று இரண்டு தடவை சார்ஜ் போட்டேன். இந்தக் கணக்கு தெரிந்த பிறகு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். போக 60, வர 60, ஆக 120 மீட்டர். வயரின் மின்தடை 3.2 ஓம். பல்பின் மின்தடையே 6 ஓம்தான்! 12 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கை வயரே தின்றுவிட்டு, எட்டு வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் பல்புக்குக் கொடுத்திருக்கிறது. மோட்டார் லைனில் நாலு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது, பன்னிரண்டில் நாலு போனால் விளக்கே அணைந்த மாதிரிதான். சோலாரில் ஆட்டுக்கொட்டகைக்கு விளக்கு போடுகிறவர்களும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றிப் போட்ட பழைய 2.5 கேபிள் 300 மீட்டர் சுருளாகக் கிடந்ததே, அது இதற்குத்தான் உதவியது. 60 மீட்டராக இரண்டு துண்டு வெட்டினேன். ஒவ்வொரு துண்டிலும் உள்ள மூன்று கோரையும் இரு முனையிலும் ஒன்றாகச் சேர்த்து லக் போட்டேன். மூன்று 2.5 சேர்ந்து 7.5 சதுர மி.மீ. கம்பி ஆகிவிட்டது. ஒரு துண்டு போக, ஒரு துண்டு வர. 2-ஐ 7.5-ஆல் வகுத்து 120 மீட்டருக்குப் பார்த்தால் 0.32 ஓம். பல்பில் அளந்தால் 11.4 வோல்ட். இப்போது சாயங்காலம் ஆறரைக்குப் போட்டு, நன்மை செய்யும் பூச்சிகள் வீணாகச் சாகாமல் இருக்க ஒன்பது மணிக்கு அணைத்துவிடுகிறேன். போன சம்பாவில் முதல் நாள் கீழே வைத்த தட்டில் குருத்துப்பூச்சியின் அந்துப்பூச்சிகள் நாற்பதுக்கு மேல் கிடந்தன. பழைய வயரில் ஒரு வாரம் எரித்தபோதும் அத்தனை விழுந்ததில்லை.